யூனிட்டா, வெள்ளியா, சாப்பாட்டுக்கு எவ்வளவா? கடை நோட்டில் எதை எழுதுவது

மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் கேட்டரிங் நடத்தும் தம்பி ஒருவர் போன மாதம் கேட்டார்: "அண்ணே, கரண்ட் பில், தண்ணி பில், கேஸ், டீசல் எல்லாத்தையும் மாசா மாசம் எழுதி வெச்சிருக்கேன். செலவு கூடிட்டே போகுது. நாங்க வீணடிக்கிறோமா, வேலை கூடிடுச்சா, விலை ஏறிடுச்சான்னு எனக்கே தெரியலை. நோட்டுல எதை எழுதினா தெரியும்?"

அதே வாரம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகும் பாதையில் பந்தல் போடும் ஒரு குழுவின் செயலாளர் அழைத்தார். ஒவ்வோர் ஆண்டும் அரிசி எத்தனை மூட்டை, மோருக்குத் தயிர் எவ்வளவு என்று கூட்டத்தில் தகராறாம். போன வருடக் கணக்கைப் புரட்டினால் அதில் வெள்ளி, அதாவது ரிங்கிட் தொகை, மட்டும்தான் இருக்கிறது. எவ்வளவு வாங்கினார்கள், எவ்வளவு மிஞ்சியது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

இரண்டும் ஒரே முடிச்சு. பிறையில் ஒரு தொழிற்சாலையின் மின்சாரம், தண்ணீர், காற்றழுத்தப் பிரிவில் பல வருடம் மீட்டர் பார்த்தவன் என்பதால் இந்த முடிச்சு எனக்குப் பழக்கம். வெவ்வேறு துறைக்காரர்கள் இதை ஐந்து விதமாக அவிழ்க்கிறார்கள். ஐந்தையும் ஒரு சமையல்கட்டுக்குள் கொண்டுவந்து பார்ப்போம்.

## முதலில் நான்கு கேள்வி

எந்த அளவை எடுத்தாலும் இந்த நான்கையும் கேட்டுவிட்டுத்தான் நோட்டில் சேர்க்க வேண்டும்.

காலை ஐந்தரைக்கு அடுப்பு மூட்டும் ஆளால் அதை எடுக்க முடியுமா? முதலாளி மட்டுமே எடுக்கக்கூடிய அளவு மூன்றாவது வாரம் நின்றுபோகும்.

விலை மாறினால் அது நம்மை ஏமாற்றுமா?

வியாபாரம் ஏறி இறங்கினால் ஏமாற்றுமா? ஆடியில் கல்யாண ஆர்டர் இல்லை, ஆவணியில் மூச்சு விட நேரமில்லை. இப்படி இருக்கும் தொழிலில் இந்தக் கேள்வி முக்கியம்.

கடைசியாக, அந்த எண்ணைக் காட்டி ஆட்களைக் கேள்வி கேட்டால், அவர்கள் வேலையைத் திருத்துவார்களா, எண்ணைத் திருத்துவார்களா? சார்ல்ஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் 1975இல் பணக் கொள்கை பற்றி இதைச் சொன்னார்: ஓர் அளவைப் பிடித்துக்கொண்டு ஆளத் தொடங்கினால் அந்த அளவு நம்பகம் இழந்துவிடும். ரப்பர் தோட்டத்தில் பாலை எடை போட்ட கங்காணிக்கு இது அதற்கு முன்பே தெரியும். அந்தக் கதை கீழே வருகிறது.

துல்லியத்தைப் பட்டியலில் சேர்க்கவில்லை. சமையல்கட்டுக்குத் தசமப் புள்ளி தேவையில்லை.

## வெள்ளிக் கணக்கு

பெரும்பாலோர் இதைத்தான் எழுதுகிறோம். பில் வீட்டுக்கே வருகிறது, எடுக்கச் சிரமமில்லை. கேஸையும் அரிசியையும் டீசலையும் ஒன்றாகக் கூட்ட முடிகிற ஒரே அளவும் இதுதான். வங்கியில் கடன் கேட்கவோ, ஒரு சாப்பாட்டுக்கு விலை சொல்லவோ வேறு எதுவும் உதவாது.

ஆனால் இரண்டாம் கேள்வியில் இது மண்ணைக் கவ்வுகிறது. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியது. மாதம் 200 லிட்டர் போடும் வேனுக்கு ஒரே இரவில் 430 வெள்ளி 670 வெள்ளியானது. வேன் ஒரு கிலோமீட்டர்கூட அதிகம் ஓடவில்லை. வெள்ளி மட்டும் எழுதிய நோட்டைப் பார்த்தால் டிரைவர் ஊர் சுற்றியதாகத்தான் தோன்றும். நான் அறிந்த ஒரு கடையில் அந்த மாதம் உண்மையாகவே டிரைவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பாவம், அவர் பம்ப் ரசீதை எல்லாம் பத்திரமாக வைத்திருந்ததால் தப்பித்தார்.

மின்சாரத்திலும் இதே கதை. 2025 ஜூலை 1 முதல் கட்டண அமைப்பே மாறிவிட்டது. எரிசக்தி, கொள்திறன், வலையமைப்பு, சில்லறை என்று பில் தனித்தனியாகப் பிரிந்து வருகிறது. எரிபொருள் விலைக்கேற்ற சரிக்கட்டல் மாதந்தோறும் மாறுகிறது. ஜூலைக்கு முந்தைய பில்லையும் அதற்குப் பிந்தையதையும் வெள்ளியில் ஒப்பிட்டு ஒரு முடிவுக்கும் வர முடியாது.

இதற்கு நேர்மாறான ஏமாற்றும் உண்டு. பினாங்கில் தண்ணீர் வெகுகாலம் நாட்டிலேயே மலிவான வரிசையில் இருந்தது. பொருள் மலிவாக இருந்தால் வெள்ளிக் கணக்கு கசிவை மறைத்துவிடும். பின்கட்டில் குழாய் இரவெல்லாம் ஒழுகினாலும் பில்லில் பெரிதாகத் தெரியாது, யாரும் கவலைப்படவும் மாட்டார்கள்.

## மொத்த அளவு

யூனிட், கனமீட்டர், கிலோ, லிட்டர். விலை எப்படி ஆடினாலும் இது ஆடாது. ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட்-மணி, ஒரு கனமீட்டர் என்பது 1000 லிட்டர். நேற்றும் அப்படித்தான், நாளையும் அப்படித்தான்.

எடுப்பதும் சுலபம். மீட்டர் எண்ணைக் கைப்பேசியில் ஒரு படம் பிடித்தால் போதும். ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் மின்சார நிறுவனமான டிஎன்பியின் மைடிஎன்பி செயலியிலேயே நாளுக்கு நாள் பயன்பாடு தெரியும். தண்ணீருக்கு ஒரு சோதனை சொல்கிறேன், காசு செலவில்லை: இரவு கடை சாத்தும்போது தண்ணீர் மீட்டரைப் படம் பிடியுங்கள், காலையில் குழாய் திறக்கும் முன் மறுபடி பிடியுங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. மேல்தொட்டி நிரம்பும் நேரத்தை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.

கேஸ்தான் தொல்லை. "இந்த மாதம் ஒன்பது சிலிண்டர்" என்று எழுதுவார்கள். மாதக் கடைசியில் பாதி இருக்கும் சிலிண்டர் எந்தக் கணக்கு? சிலிண்டரின் மேல் வெற்று எடை பொறித்திருக்கும். மாதக் கடைசி நாள் அதைத் தராசில் ஏற்றி, அந்த எடையைக் கழித்தால் மிச்சம் தெரியும். ஐந்து நிமிட வேலை.

மறைந்திருக்கும் சிரமம் வேறு: இந்த எண்களை ஒன்றோடொன்று கூட்ட முடியாது. எரிசக்திக்கு மட்டும் ஒரு வழி உண்டு. 14 கிலோ கேஸ் சிலிண்டருக்குள் இருக்கும் வெப்பம் சுமார் 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். நாடுகள் எண்ணெய், நிலக்கரி, மின்சாரம் மூன்றையும் கூட்ட "டன் எண்ணெய் ஈடு" என்று ஒன்றை வைத்திருப்பதும் இதே உத்திதான். ஒரு டன்னுக்கு 11,630 யூனிட். ஆனால் தண்ணீரை அரிசியோடு கூட்ட எந்த உத்தியும் இல்லை. அதனால் ஒவ்வொரு துறையும் தனக்கென ஓர் அலகை வைத்துக்கொள்கிறது: மருத்துவமனை படுக்கை-நாள் என்று எண்ணுகிறது, கட்டுமானக்காரர் ஆள்-நாள் என்கிறார், துறைமுகம் இருபதடிப் பெட்டி என்கிறது. அந்தப் பெட்டிக்குள் பஞ்சு இருந்தாலும் இரும்பு இருந்தாலும் ஒன்று ஒன்றுதான்.

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கெடாவில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வாளியில் வரும் பாலை நிறுத்தால் மட்டும் போதாது. புதுப் பாலில் உலர்ந்த ரப்பர் ஏறத்தாழ 30 முதல் 40 விழுக்காடுதான், மீதியில் பெரும்பகுதி தண்ணீர். எடைக்கு மட்டும் கூலி என்றால் வாளியில் ஆற்றுத் தண்ணீர் ஏறும். அதனால் மெட்ரோலக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் இறக்கி, எத்தனை விழுக்காடு ரப்பர் என்று பார்த்து, எடையோடு பெருக்கிப் போடுவார்கள். திருட்டுக்கு இது சரியான பூட்டு. ஆனால் மழையில் பால் கரைந்து ஓடிய நாளையும் அந்தக் கருவி அதே கண்ணோடுதான் பார்த்தது. இருட்டில் எழுந்து அதே மரங்களை அதே கையால் வெட்டிய மனிதனுக்கு அன்று கூலி குறையும். எடையும் ரப்பரும் கருவியில் தெரிந்தன, உழைப்பு தெரியவில்லை. எந்த எண்ணை வைத்து ஆளைக் கேள்வி கேட்கலாம், எதை வைத்துக் கேட்கக் கூடாது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாளிதான் நினைவுக்கு வரும்.

## ஒன்றுக்கு எவ்வளவு

ஒரு சாப்பாட்டுக்கு எத்தனை யூனிட், ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட், 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர். இன்று எல்லாத் துறையிலும் மதிப்பாகப் பேசப்படுவது இதுதான். ஆலோசகர் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார். நான் சற்றே வேறுபடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெவ்வேறு அளவுள்ள இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிட்டால் வழியில்லை. புத்ராஜெயாவில் எரிசக்தி ஆணையத்தின் வைரக் கட்டடம் ஆண்டுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 65 யூனிட்டில் இயங்கியதாக அளந்திருக்கிறார்கள். சாதாரண அலுவலகக் கட்டடங்கள் 200க்கு மேல் தின்னும். மொத்த யூனிட்டை மட்டும் பார்த்தால் கோம்தார் கோபுரத்தையும் ஒரு கடைவீட்டையும் ஒப்பிடவே முடியாது. 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் இதில் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது: ஆண்டுக்கு 21,600 கிகாஜூலுக்கு மேல், அதாவது 60 லட்சம் யூனிட்டுக்கு மேல் உபயோகிப்பவர் யார் என்று மொத்த அளவால் பொறுக்குகிறது; 8,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலுவலகக் கட்டடங்களுக்கு மதிப்பு போடுவதற்குப் பரப்பால் வகுத்த எண்ணைப் பார்க்கிறது. ஒரே சட்டம், இரண்டு வேலைக்கு இரண்டு அளவு.

இப்போது கேட்டரிங் தம்பியின் சமையல்கட்டுக்கு வாருங்கள். கணக்கு விளங்குவதற்காக நானே போட்ட எண்கள் இவை. ஃப்ரீசர், குளிரறை, விளக்கு எல்லாம் ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் 1,200 யூனிட் இழுக்கின்றன. அதற்கு மேல் ஒரு சாப்பாட்டுக்கு 0.2 யூனிட். ஆவணியில் 3,000 சாப்பாடு என்றால் மொத்தம் 1,800 யூனிட், சாப்பாட்டுக்கு 0.6. ஆடியில் 1,500 சாப்பாடு, மொத்தம் 1,500 யூனிட், சாப்பாட்டுக்கு 1.0. நோட்டில் 0.6, 1.0 என்ற விடைகள் மட்டும் இருந்தால் "ஆடியில் சும்மா உட்கார்ந்து கரண்டை வீணாக்குகிறார்கள்" என்று எவரும் நினைப்பார். உண்மையில் ஒருவரும் எதையும் வீணாக்கவில்லை. ஆர்டர் குறைந்தது, அவ்வளவுதான்.

இன்னும் மோசமானது எதிர்ப்பக்கம். ஆவணியில் ஃப்ரீசர் கதவு ரப்பர் கிழிந்து மாதம் 200 யூனிட் ஓடிப்போனால், சாப்பாட்டுக்கு 0.67 ஆகும். ஆடியை நினைத்துக்கொண்டு "பரவாயில்லையே, நல்லா குறைஞ்சிருக்கு" என்று தட்டிக்கொடுப்பீர்கள்.

நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு மேலாளர் இந்த ஒற்றை எண்ணைச் சுவரில் ஒட்டி அதற்குப் போனஸும் வைத்தார். மாதக் கடைசியில் எண் ஏறும்போல் இருந்தால், யாரும் கேட்காத சரக்கை ஓட்டிக் குவிப்பார்கள். வகுக்கும் எண் கூடும், விடை குறையும். கிடங்கு நிறைந்தது, போனஸும் கிடைத்தது. கணினித் தரவு மையங்களிலும் இதற்கு அண்ணன் தம்பி உண்டு. மையத்துக்குள் வரும் மொத்த மின்சாரத்தை, கணினிகளுக்குப் போகும் மின்சாரத்தால் வகுப்பார்கள். ஒன்றை நெருங்க நெருங்க நல்லது. ஆனால் வேலையே இல்லாமல் சூடேறிக்கொண்டிருக்கும் கணினியும் கீழே வகுக்கும் எண்ணில் சேர்ந்துவிடுவதால், அதை அணைத்தால் விடை கெட்டுப்போகவும் கூடும்.

எதால் வகுப்பது என்பதும் சண்டைக்குரியதே. பொட்டலம் கட்டிய பிரியாணி ஒன்றும், வாழையிலைக் கல்யாணச் சாப்பாடு ஒன்றும் நோட்டில் ஒன்று ஒன்றாக விழுந்தால் நியாயமா? இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள்.

வேனுக்கு ஒரு குறிப்பு, போகிற போக்கில். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்கும் பழக்கத்தை விட்டு, 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று பாருங்கள். லிட்டருக்கு 10 ஓடும் பழைய வேன் 12 ஓடினால் நூறு கிலோமீட்டரில் 1.67 லிட்டர் மிச்சம். 20 ஓடும் சின்னக் கார் 25 ஓடினால் 1 லிட்டர்தான் மிச்சம். காதுக்கு இரண்டாவதுதான் பெரிதாகக் கேட்கும்.

## உச்சம்

மாத மொத்தம் எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, ஒரே நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு என்று கேட்பது. நடுத்தர அழுத்த மின்சாரம் வாங்கும் தொழிற்சாலைகளுக்கு இது காசு. எங்கள் நாளில் மாதத்தின் எந்த அரைமணியில் சராசரி உச்சமோ, அந்த கிலோவாட்டுக்குத் தலா 29.60 ரிங்கிட். திங்கட்கிழமை காலை எல்லா இயந்திரத்தையும் ஒன்றாகத் தட்டிவிட்டு உச்சம் 100 கிலோவாட் கூடினால், அந்த அரைமணிக்கு மட்டும் 2,960 வெள்ளி. இணைய இணைப்பை மொத்தமாக விற்பவர்கள் கொஞ்சம் இளகிய மனசுக்காரர்கள்: ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து, மேலே உள்ள ஐந்து விழுக்காட்டைத் தள்ளிவிட்டு மிச்சத்தில் உச்சத்துக்குப் பில் போடும் வழக்கம் அவர்களிடம் உண்டு. மாதத்தில் 36 மணி நேர அவசரம் மன்னிக்கப்படுகிறது.

கடைவீட்டில் குறைந்த அழுத்த மின்சாரத்தில் கேட்டரிங் நடத்தும் தம்பிக்கு இந்தக் கிலோவாட் கட்டணம் கிடையாது. அதனால் மாதாமாதம் எழுத வேண்டியதில்லை. நேரவாரிக் கட்டணத்துக்கு மாறலாமா என்று யோசித்தால் மட்டும் பாருங்கள். அதில் வார நாள்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை உச்ச நேரம். காலைப் பசியாறலும் மதியச் சாப்பாடும் செய்பவருக்கு அது சாதகம், இரவு விருந்துக்காரருக்குப் பாதகம்.

தண்ணீருக்கு உச்சத்தைத் தெரிந்து வைத்திருப்பது வேறு காரணத்துக்காக. 2024 ஜனவரி 10 முதல் 14 வரை சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றுவதற்காகப் பினாங்கின் பெரும்பகுதியில் தண்ணீர் நின்றது. மறுநாள் பொங்கல். "வருடத்துக்கு எத்தனை கனமீட்டர்" என்று தெரிந்தவர்களுக்கு அந்த நான்கு நாளில் அது ஒன்றுக்கும் உதவவில்லை. ஆர்டர் உள்ள ஒரு நாளுக்கு எத்தனை லிட்டர் என்று தெரிந்தவர்கள்தான் அளவாகத் தொட்டி நிரப்பினார்கள்.

பந்தல் குழுவுக்கோ உச்சம்தான் எல்லாமே. அவர்களுக்கு வருடமே இரண்டு மூன்று நாள்.

## விழுக்காடு

இருப்பதில் எவ்வளவு உபயோகமாகிறது: விமானத்தில் இருக்கை, பத்து பெரிங்கி ஹோட்டலில் அறை, மருத்துவமனையில் படுக்கை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் மூன்று விழுக்காடுகளைப் பெருக்குவார்கள். இயந்திரம் ஓடிய நேரம் 90, ஓடிய வேகம் 95, தேறிய சரக்கு 99 என்றால் விடை சுமார் 85. மூன்றும் தனியாகப் பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

நூறை நோக்கித் தள்ளுவதில் ஓர் ஆபத்து. ஆர்டர் முறையில்லாமல் வரும் இடத்தில், ஒரே அடுப்புக்கு முன்னால் நிற்கும் வரிசையைக் கணக்குப் போட்டால், 80 விழுக்காடு நேரம் அடுப்பு எரியும்போது சமைக்கும் நேரத்தைப்போல் சராசரியாக நான்கு மடங்கு காத்திருக்க வேண்டும். 90 என்றால் ஒன்பது மடங்கு. 95 என்றால் பத்தொன்பது. புது ஃப்ரீசரோ இரண்டாவது வேனோ வாங்கலாமா என்று முடிவெடுக்கும் வாரத்தில் மட்டும் இதை எடுங்கள். அன்றாட நோட்டுக்கு இது வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| அளவு | எடுப்பது | விலை மாறினால் | வியாபாரம் மாறினால் | எண்ணை வளைக்க | எப்போது |
|---|---|---|---|---|---|
| வெள்ளி | மிகச் சுலபம் | ஏமாற்றும் | ஏமாற்றும் | கடினம் | விலை சொல்ல, கடன் கேட்க |
| மொத்த அளவு | சுலபம், கேஸ் தவிர | ஏமாற்றாது | ஏமாற்றும் | கடினம் | கசிவு, திருட்டு, பழுது பிடிக்க |
| ஒன்றுக்கு எவ்வளவு | இரண்டு எண் வேண்டும் | ஏமாற்றாது | சற்று மறைவாக ஏமாற்றும் | சுலபம் | கடைக்குக் கடை ஒப்பிட |
| உச்சம் | கருவி வேண்டும் | ஏமாற்றாது | அதைத்தான் காட்டும் | நடுத்தரம் | தொட்டி, வயர், பந்தல் |
| விழுக்காடு | உட்கார்ந்து பார்க்க வேண்டும் | ஏமாற்றாது | ஏமாற்றும் | சுலபம் | புதிதாக வாங்கும் முன் |

## தம்பிக்கும் செயலாளருக்கும்

தம்பி, மீட்டர் எண்ணையும் சாப்பாட்டு எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுது. வகுத்த விடையை மட்டும் எழுதாதே. இந்த இரண்டும் இருந்தால் வகுத்த விடை எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். விடை மட்டும் இருந்தால் இரண்டையும் மீட்க முடியாது. வெள்ளி பில்லிலேயே இருக்கிறது, கோப்பில் போட்டு வை, போதும்.

நிறைய ஆர்டர் உள்ள மாதம் ஒன்று, குறைந்த மாதம் ஒன்று கிடைத்ததும் கழித்துப் பார். மேலே சொன்ன கணக்கில் யூனிட் வித்தியாசம் 300, சாப்பாட்டு வித்தியாசம் 1,500. வகுத்தால் சாப்பாட்டுக்கு 0.2. மிச்சம் 1,200 யூனிட் நீ தூங்கும்போதும் ஓடுவது. அப்புறம் ஒவ்வொரு மாதமும் "இத்தனை சாப்பாட்டுக்கு இவ்வளவு வந்திருக்க வேண்டும்" என்று நீயே சொல்லலாம். அதைவிட 100 யூனிட் கூடினால், சமையல்காரரைத் திட்டும் முன் ஃப்ரீசர் கதவைப் போய்ப் பார்.

இன்னொன்று. பில்லில் உள்ள மாதம் எப்போதும் முப்பது நாள் இல்லை. மீட்டர் பார்த்த இரண்டு தேதிகளுக்கும் இடையே எத்தனை நாள் என்று ஒரு பத்தி போடு. 28 நாளையும் 33 நாளையும் ஒப்பிட்டுச் சண்டை போட்ட கடைகளை நான் பார்த்திருக்கிறேன்.

செயலாளர் ஐயாவுக்குச் சாப்பாட்டு எண்ணிக்கை கிடைக்காது. பந்தலுக்கு வருபவர்களை யார் எண்ணுவது? ஆனால் கப்பை எண்ணலாம். மோர் கப்பும் தட்டும் கட்டுக் கட்டாக வருகின்றன. பிரித்த கட்டின் உறையைத் தூக்கி எறியாமல் ஒரு மூட்டையில் போடச் சொல்லுங்கள். முடிந்ததும் உறைகளை எண்ணினால் எத்தனை பேர் என்பது ஓரளவு தெரியும். இரண்டு கப் குடித்தவரும் இருப்பார், இருக்கட்டும்.

அரிசிக்கு, வாங்கியது எத்தனை கிலோ என்பதோடு, பிரிக்காமல் மிஞ்சியது எத்தனை, சமைத்து மிஞ்சியது எத்தனை வாளி என்று இரண்டு பத்தி. கூடவே மணி வாரியாக எத்தனை கட்டு பிரித்தீர்கள் என்றும் ஒருவர் குறித்தால், வெள்ளிரதம் வரும் நேரத்தில் எத்தனை அடுப்பு வேண்டும் என்ற தகராறும் அடங்கும். பந்தல் பிரிக்கும் இரவில் எல்லோரும் களைத்திருப்பார்கள், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். மறுநாள் அந்த உறை மூட்டை குப்பை லாரியில் போயிருக்கும். அன்று இரவே எண்ணிவிடுங்கள்.